பழைய கிட்டங்கிக்குப் புதிய குளிர்

அத்தியாயம் 6: உப்புக்காற்றுக் கரையில் குளிர்பதன அமைப்பை மாற்றும் முறை

“மிஷின் நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி, கூலிங்தான் பத்தல.”

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஐஸ் பிளாண்டுகளிலும் மீன் கம்பெனிகளின் குளிர்கிட்டங்கிகளிலும் மெக்கானிக் வந்ததும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அடுத்து நடப்பதும் தெரிந்த கதைதான். கம்ப்ரஸரைப் பிரித்து ரிங் மாற்றுவார்கள், வால்வு பிளேட் மாற்றுவார்கள். அதிலும் தீராவிட்டால் இன்னும் பெரிய கம்ப்ரஸர் வந்து இறங்கும். கரண்ட் பில் ஏறும், குளிர் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். அடுத்த சித்திரையில் அதே பேச்சு திரும்ப வரும்.

இருபது, முப்பது வருடம் ஓடிய அமைப்பை மாற்றப் போகிறவர்களுக்காக இந்த அத்தியாயம். இதில் சொல்ல இருப்பது ஒரே ஒரு வரிசைதான்: முதலில் அறை, அடுத்து குழாயும் கண்டென்சரும், கடைசியில் கம்ப்ரஸர். அறையைச் சரிசெய்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டால், வாங்க நினைத்த கம்ப்ரஸரின் அளவே குறைந்துவிடும். வரிசையைத் திருப்பிப் போட்டவர்கள் ஓட்டை அறைக்குக் குளிர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தக் கரை இரும்பை என்ன செய்கிறது

சங்கும் முத்தும் ஏறி இறங்கிய காலத்துக் கிட்டங்கிக்குக் குளிர் தேவைப்படவில்லை. தூத்துக்குடி முத்துப் பார்களில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். உறையவைத்த இறாலை வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் 1950-களில் கொச்சியில் தொடங்கி, பிறகு இந்தக் கரைக்கும் வந்தது. அதனால் இங்கே இரண்டு வகைக் கட்டடங்களைப் பார்க்கலாம். ஒன்று, பழைய கனத்த சுவருக்குள் தெர்மோகோல் ஒட்டிக் குளிர் அறையாக்கியது. மற்றொன்று, இரும்புத் தூணும் ஷீட் கூரையுமாக எழுப்பிய அகலமான கொட்டகை. இரண்டுக்கும் பொதுவான எதிரி காற்று.

கொண்டல் வீசினால் கடல் உப்பு வருகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று திரும்பினாலும் தப்பில்லை. அது உப்பளங்களையும் புழுதியையும் கடந்து வருகிறது. துறைமுகத்தை ஒட்டிய பகுதி என்றால் நிலக்கரித் தூளும் சேரும். உப்புத்தூள் உலோகத்தின் மேல் படிந்திருக்கும்போது காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் போதும், அந்த உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். மழையே இல்லாத இரவிலும் கண்டென்சர் தகடு உப்புத்தண்ணீரில் நனைந்து நிற்பதற்கு இதுதான் காரணம். மழை குறைந்த ஊர் என்பது இங்கே சாதகமும் இல்லை. படிந்த உப்பைக் கழுவிவிட ஆள் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

அரிப்பின் கடுமையை ஐ.எஸ்.ஓ. 9223 தரநிலை வகை வகையாகப் பிரிக்கிறது. சி-3 வகை இடத்தில் பெயிண்ட் இல்லாத சாதா இரும்பு முதல் வருடத்தில் 25 முதல் 50 மைக்ரான் வரை கரையும். சி-5 வகை இடத்தில் 80 முதல் 200 மைக்ரான். கடலை ஒட்டிய கட்டடத்துக்குச் சி-5 என்று வைத்தே பொருள் வாங்குங்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்திலும் தூத்துக்குடி துறைமுகப் பகுதியிலும் கிளைகள் உண்டு. கடல்சார் அரிப்பு அவர்களுடைய துறை. பெரிய முதலீடு என்றால் பெயிண்ட், பூச்சு விஷயத்தில் அவர்களிடம் கேட்டுக்கொள்வது செலவை மிச்சப்படுத்தும்.

கொட்டேஷன் வாங்கும் முன் நான்கு சோதனைகள்

*1. கதவு மூடிய நாள் சோதனை.* சரக்கு ஏற்றலோ இறக்கலோ இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கதவைத் திறக்காமல், அறை மைனஸ் 18 டிகிரியில் நிற்க 24 மணி நேரத்தில் கம்ப்ரஸர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறியுங்கள். மீனும் வரவில்லை, ஆளும் போகவில்லை. அப்படியானால் அன்று ஓடிய ஓட்டத்தில் பெரும்பகுதி சுவர், கூரை, தரை வழியாக உள்ளே வந்த வெப்பத்துக்காகத்தான். சரக்கு ஏற்றும் நாளுக்கும் அன்றைக்கும் ஓட்ட நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் நோய் அறையில் இருக்கிறது.

*2. தெர்மோகோல் எடை.* சுவரில் மூன்று இடங்களில், அதாவது தரையை ஒட்டி, நடுவில், கூரையை ஒட்டி, பத்து சென்டிமீட்டர் நீள அகல உயரத்தில் ஒரு துண்டு அறுத்தெடுங்கள். காய்ந்த தெர்மோகோல் அந்த அளவில் 15 முதல் 20 கிராம்தான் இருக்கும். தராசில் 100 கிராம் காட்டினால், மீதி 80 கிராமும் தண்ணீர் அல்லது பனி. அந்தச் சுவர் தடுப்பு வேலையை எப்போதோ நிறுத்திவிட்டது.

*3. தொங்கல் இடங்களில் குழாய்.* அமோனியாக் குழாயின் மேலே சுற்றிய காப்பு பார்வைக்கு நன்றாக இருக்கும். கிளாம்ப் பிடிக்கும் இடத்திலும், வால்வுக்குப் பக்கத்திலும், சுவருக்குள் நுழையும் இடத்திலும் அரை அடி நீளத்துக்குக் காப்பை வெட்டித் திறந்து பாருங்கள். உள்ளே கறுத்த துரு தகடு தகடாக உரிந்து வரும். எப்போதும் மைனஸ் 30 டிகிரியில் கிடக்கும் குழாயில் ஈரம் பனியாக உறைந்திருப்பதால் துரு மெதுவாகத்தான் ஏறும். ஓடி நின்று, உருகி உறையும் குழாய்தான் சீக்கிரம் மெலியும். சுரண்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அல்ட்ராசோனிக் மானியால் கனம் அளக்கச் சொல்லுங்கள்.

*4. ஹெட் பிரஷர்.* கண்டென்சரில் அமோனியா 35 டிகிரியில் திரவமாகும்போது மானி சுமார் 180 பி.எஸ்.ஐ. காட்டும். 40 டிகிரியில் சுமார் 210. பழைய கண்டென்சரில் மானி 210-ஐத் தாண்டி நின்றால், சுண்ணாம்புப் படிவமோ, அமைப்புக்குள் சிக்கிய காற்றோ, இரண்டுமோ காரணம். கண்டென்சர் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் ஏறும் என்பது நடைமுறைக் கணக்கு. ஐந்து டிகிரிக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

முதலில் அறை

ஒரு எடுத்துக்காட்டு. அறை 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். சுவரும் கூரையும் சேர்ந்து 720 சதுர மீட்டர். வெளியே 35 டிகிரி, உள்ளே மைனஸ் 20. ஈரம் ஏறி, தடுக்கும் திறன் பாதியாகிவிட்ட 150 மில்லிமீட்டர் தெர்மோகோல் என்றால் உள்ளே வரும் வெப்பம் ஏறத்தாழ 18.5 கிலோவாட், அதாவது ஐந்தேகால் டன். அதே இடத்தில் 150 மில்லிமீட்டர் பஃப் பேனல் போட்டால் 6 கிலோவாட், ஒன்றேமுக்கால் டன். மூன்றரை டன் மிச்சம். இந்தக் குளிர்நிலையில் ஒரு டன்னுக்குச் சுமார் 2 கிலோவாட் மின்சாரம் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 170 யூனிட். வெயில் ஏறும் கூரையைத் தனியாகக் கணக்கிட்டால் வித்தியாசம் இன்னும் கூடும்.

பேனல் போடும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஈரத்தடுப்பு எப்போதும் சூடான பக்கத்தில், அதாவது இந்த ஊரில் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிக்காற்றின் ஈரம் குளிரை நோக்கி நகரும். உள்பக்கத்தில் மட்டும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி வெளிப்பக்கத்தைத் திறந்துவிட்டால் ஈரம் காப்புக்குள் புகுந்து அங்கேயே பனியாகத் தங்கும். நனைந்த தெர்மோகோலை அப்படியே விட்டு அதன் மேல் புதுப் பேனல் ஒட்டுவதும் அதே தவறுதான். பழையதை முழுக்க எடுத்துவிட்டு, சுவரைக் காயவிட்டு, பிறகு போடுங்கள்.

கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் கட்டிங் மிஷினை அதன் மேல் வைக்கவே கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. நனைத்து, முழுத் தகடாக, ஆணி கழற்றி இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் சொல்லும் இடத்துக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது கதவு. தூத்துக்குடிக் காற்று ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் தன் ஈரத்தைக் காயிலின் மேல் பனியாக விட்டுச்செல்கிறது. வெளிக்கதவுக்கும் உறை அறைக்கும் நடுவே ஒரு முன்னறை, பி.வி.சி. பட்டைத் திரை, தானே மூடும் கதவு ஆகிய மூன்றும் சேர்ந்து டிஃப்ராஸ்ட் எண்ணிக்கையைக் குறைக்கும்.

குளிர் அறைக்கும் சூடு வேண்டும்

இந்த ஊரில் ஹீட்டரைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆனால் மைனஸ் 20 டிகிரி அறையில் நான்கு இடங்களில் சூடு இல்லாவிட்டால் கட்டடம் கெடும்: தரைக்கு அடியில், கதவுச் சட்டத்தில், டிஃப்ராஸ்ட் தண்ணீர் வடியும் குழாயில், அறையின் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் துவாரத்தில்.

இவற்றில் தரைதான் முக்கியம். வருடக்கணக்கில் கீழே இறங்கும் குளிர், மண்ணில் உள்ள தண்ணீரை உறையவைக்கும். உறைந்த மண் உப்பி, கான்கிரீட்டைத் தூக்கும். அறையின் நடுவில் தரை மேடு தட்டி, ரேக் சாய்ந்து, கதவு இழுபட்டால் இதுதான் நடந்திருக்கிறது. மேலே சிமெண்ட் பூசிச் சமன்செய்வதால் பயன் இல்லை. தரையைத் திறக்கத்தான் வேண்டும். சில இடங்களில் தரைக்கு அடியில் காற்றோட்டக் குழாய் விடுவார்கள். தாழ்வான தூத்துக்குடிப் பகுதிகளில் அந்தக் குழாய்க்குள் தண்ணீரும் சேறும் புகுந்து அடைத்துக்கொள்ளும். கம்ப்ரஸரின் கழிவுச் சூட்டில் கிளைக்கால் (glycol) கரைசலைச் சூடாக்கித் தரைக் குழாயில் ஓடவிடும் முறை இங்கே பொருந்தும். எரிபொருள் செலவு இல்லை, வெள்ளமும் உள்ளே புகாது.

எந்த கேஸ்?

பழைய சிறிய அறைகளில் ஆர்-22 இருக்கும். ஓசோனைக் கெடுக்கும் இந்த வகை வாயுக்களை மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. புதிய சாதனத் தயாரிப்பில் அவற்றைப் பயன்படுத்துவதற்கான கெடு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்தது. சர்வீஸுக்குக் கிடைக்கும் அளவும் வருடா வருடம் சுருங்கும். ஆர்-22 அமைப்பைப் பழுதுபார்த்து இன்னும் பத்து வருடம் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் ஆர்-404ஏ-யின் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல 3,900 மடங்குக்கும் மேல். கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. இந்த வகை வாயுக்களின் பயன்பாட்டை 2028-ல் உறையவைத்து, 2032 முதல் குறைக்க வேண்டும். இன்று வாங்கும் மிஷினின் ஆயுளுக்குள்ளேயே கேஸ் விலை ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

பெரிய கிட்டங்கிக்கும் ஐஸ் பிளாண்டுக்கும் அமோனியாதான் இன்றும் சரியான தேர்வு. ஓசோன் பாதிப்பு இல்லை, வெப்பமாக்கும் திறன் இல்லை, விலை மலிவு, திறனும் அதிகம். இந்தக் கரையின் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமும் உண்டு. கிர்லோஸ்கர் கே.சி. வரிசைக் கம்ப்ரஸரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். குறை ஒன்றே: அது நச்சு. 300 பி.பி.எம். அளவுக்கு மேல் உயிருக்கு ஆபத்து. காற்றில் 15 முதல் 28 சதவீதம் கலந்தால் தீப்பொறியில் வெடிக்கும். ஆகவே, அமோனியா வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதைவிட, எவ்வளவு அமோனியா, எங்கே என்று கேளுங்கள். பழைய அமைப்பில் கேஸ் கட்டடம் முழுக்கச் சுற்றும். புதிய வடிவமைப்பில் அதை மிஷின் அறைக்குள்ளேயே நிறுத்திவிடலாம். ஆட்கள் வேலை செய்யும் பதனக்கூடத்துக்குக் கிளைக்காலோ குளிர்நீரோ போகட்டும். மைனஸ் 40-ல் ஓடும் பிளேட் ஃப்ரீஸருக்கு அமோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்த இரட்டை அமைப்பை ஆராயலாம். அதைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆள் உள்ளூரிலேயே கிடைப்பாரா என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கண்டென்சரும் தண்ணீரும்

தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் கண்டென்சர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும், தண்ணீரைக் குடிக்கும். மைனஸ் 30-ல் ஓடும் 50 டன் பிளாண்ட் வெளியே தள்ளும் வெப்பம் ஏறத்தாழ 275 கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகும் என்பதால், நாள் முழுக்க ஓடினால் சுமார் 9,900 லிட்டர் காற்றில் போகும். உப்பு திரளாமல் இருக்கத் திறந்துவிடும் தண்ணீரையும் சேர்த்தால் 14,000 லிட்டருக்கு மேல். ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் பத்தாது.

உவர்த்தண்ணீர் கிணற்றை நம்பினால் ஒரே வருடத்தில் குழாயில் வெள்ளைப் படிவம் ஏறும். ஆகவே தண்ணீர்ச் செலவு, மென்மையாக்கும் கருவி, ஆசிட் கழுவல் எல்லாவற்றையும் மின்செலவோடு சேர்த்து வருடக் கணக்காகப் பாருங்கள். சிறிய அறைகளுக்கு, குளிர் ஒரு டன்னுக்குக் கூடுதல் கரண்ட் ஆனாலும், காற்றுக் கண்டென்சரே லாபமாக வரலாம்.

காற்றுக் கண்டென்சர் என்றால் உலோகத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். செம்புக் குழாயில் அலுமினியத் தகடு கோத்த சாதாக் காயில் உப்பு ஈரத்தில் மின்கலமாக மாறும். தகடு பொடியாக உதிரும். எப்பாக்ஸி முக்குப் பூச்சு கொடுத்த காயிலைக் கேளுங்கள். அமோனியாவில் செம்பு, பித்தளை எதுவும் கூடாது. அது செம்பைத் தின்னும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316. 304-ல் கடல் உப்பு புள்ளி புள்ளியாகக் குழி போடும். தாங்கிச் சட்டங்களுக்குச் சூட்டு முக்கு கால்வனைசிங் செய்து, அறுத்த முனைகளை மறுபடி பூசச் சொல்லுங்கள். வேறு வேறு உலோகம் சேரும் போல்ட்டுகளுக்கு நடுவே நைலான் வாஷர் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் காயிலைக் கழுவ ஒரு குழாய் இணைப்பை இப்போதே அமைத்துவிடுங்கள். குழாய் இருந்தால்தான் கழுவுவார்கள்.

பழையதை இறக்குதல்

இந்த வேலையில் ஆள் சாகக்கூடிய கட்டம் இதுதான். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு மீன் பதன ஆலையில் அமோனியா கசிந்து, வேலை செய்த பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஓடும் ஆலையிலேயே இந்த நிலை என்றால், குழாயைத் திறக்கும் நாளில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

• கேஸ் முழுவதையும் ரிசீவருக்கு இழுத்து, அங்கிருந்து அனுமதி பெற்ற சிலிண்டர்களுக்கு மாற்றுங்கள். சிலிண்டரை எடை பார்த்து நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்பினால் வெயிலில் வெடிக்கும்.

• மிச்சத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டுக் கரையுங்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ கடலிலோ விடக்கூடாது.

• எண்ணெய் வடிக்கும்போது கூடுதல் கவனம். அடியில் தேங்கிய எண்ணெயோடு திரவ அமோனியாவும் ஒளிந்திருக்கும். வால்வைத் திறந்துவிட்டு நகராதீர்கள். அதோடு, கையை எடுத்தால் தானே மூடும் இரண்டாவது வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும்.

• நைட்ரஜன் விட்டுக் கழுவி, மானியில் பார்த்த பிறகுதான் கேஸ் கட்டிங். “எல்லாம் வெளிய போயிடுச்சு தம்பி, வெட்டு” என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பெர்மிட் காகிதத்தில் கையெழுத்து வேண்டும்.

• புதுக் குழாயை நைட்ரஜனில் மட்டுமே அழுத்தச் சோதனை செய்யுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டினால் உள்ளே உள்ள எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். கேஸ் நிரப்பிய பிறகு கசிவு பார்க்க, நம் மெக்கானிக்குகள் காலங்காலமாகக் கொளுத்தும் கந்தகத் திரி போதும். அமோனியா பட்ட இடத்தில் வெள்ளைப் புகை எழும்.

• கசிந்து தேங்கிய திரவ அமோனியாவின் மேல் தண்ணீர் பீய்ச்சாதீர்கள், கொதித்துக் கிளம்பும். புகையாக மிதப்பதை மட்டும் தண்ணீர்த் திரையால் அடக்கலாம்.

வேலை தொடங்கும் முன் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்றுமதி ஆய்வு முகமையின் ஒப்புதல் எண் உள்ள ஆலை என்றால், கட்டமைப்பை மாற்றும் முன் அவர்களிடமும் அனுமதி வாங்குங்கள்.

61 நாள் கணக்கு

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும், ஐஸ் தேவை விழும், சரக்கு வரத்து குறையும். இதைவிட நல்ல அவகாசம் வருடத்தில் கிடைக்காது. நாட்டுப்படகு மீனையோ பண்ணை இறாலையோ நம்பி நடத்தும் கம்பெனிகள் மட்டும் தங்கள் வரத்தைத் தனியாகக் கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

ஜனவரி, பிப்ரவரி: நான்கு சோதனைகள், வடிவமைப்பு, ஆர்டர். பேனலும் காயிலும் ஏப்ரலுக்குள் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் ஐஸ் பிளாண்ட், குளிர்கிட்டங்கி நவீனமாக்கலுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள் மற்றும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானிய விகிதம் இருந்து வருகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே மீன்வளத் துறையில் கேளுங்கள்.

மார்ச், ஏப்ரல் முதல் பாதி: சரக்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுவதை 40 அடி ரீஃபர் கன்டெய்னர்களுக்கு மாற்றுங்கள். துறைமுக ஊர் என்பதால் வாடகைக்கு எடுப்பது எளிது. மும்முனை மின்இணைப்பும் ஜெனரேட்டரும் முன்பே தயாராக இருக்கட்டும்.

தடைக்காலத்தின் முதல் வாரம்: கேஸ் இழுத்தல், எண்ணெய் வடித்தல், நைட்ரஜன்.

இரண்டு, மூன்றாம் வாரம்: காப்பு உரித்தல், தரை திறத்தல், சுவர் காயவிடுதல்.

நான்கு முதல் ஆறாம் வாரம் வரை: தரைச் சூட்டுக் குழாய், கான்கிரீட், பேனல். மேல்காற்று பலமாகும் முன் கூரை வேலை முடிய வேண்டும். எட்டு மீட்டர் பேனலை ஆனிக் காற்றில் தூக்கிப் பிடிப்பது விளையாட்டில்லை.

ஏழாம் வாரம்: குழாய் இணைப்பு, அழுத்தச் சோதனை, வாக்குவம்.

எட்டாம் வாரம்: கேஸ் நிரப்பிக் குளிரவைத்தல். அவசரப்பட்டு ஒரே நாளில் மைனஸ் 20-க்கு இறக்கினால் புதுக் கான்கிரீட் வெடிக்கும். உறைநிலைக்குச் சற்று மேலே சில நாள் நிறுத்தி ஈரத்தை வடியவிடுங்கள். பிறகு நாளுக்குச் சில டிகிரியாக இறக்குங்கள். அறைக் காற்று குளிர்ந்து சுருங்கும்போது சமன்துவாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் பேனல் உள்ளே இழுபடும்.

இந்த அட்டவணையில் இன்னொரு லாபமும் உண்டு. வருடத்தின் கடும் வெயிலில் சோதனை ஓட்டம் நடக்கிறது. ஜூன் வெயிலில் மைனஸ் 20 நின்றால் வேறு எந்த மாதத்திலும் நிற்கும்.

வெள்ளமும் மின்சாரமும்

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி நகரமே தண்ணீரில் நின்றது. மின்சாரமும் போனது. எனவே பேனல் போர்டு, ஜெனரேட்டர், கம்ப்ரஸர் மோட்டார் மூன்றையும் அந்த வருடத் தண்ணீர்க் குறிக்கு மேலே மேடையில் ஏற்றுங்கள். சுவரில் அந்தக் குறி இன்னும் தெரிந்தால், அதன் மேல் பெயிண்ட் அடிக்க விடாதீர்கள்.

உயர் அழுத்த இணைப்பு என்றால் காலை, மாலை உச்ச நேர யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். நல்ல காப்பு உள்ள அறையை இரவில் மைனஸ் 22-க்கு இறக்கிவிட்டு, உச்ச நேரத்தில் கம்ப்ரஸரை நிறுத்தி வைக்கலாம். சரக்கு மைனஸ் 18-க்கு மேல் ஏறாதபடி கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். மோட்டார்களுக்கு வேக மாற்றி போட்டால் அதன் பெட்டியை உப்புக்காற்று புகாத தனி அறையில் வையுங்கள்.

கூடத்தில் நிற்பவர்கள்

இறால் உரிக்கும் கூடத்தில் மேசைக்கு மேசை பெண்கள் நிற்கிறார்கள். மூடிய கூடம், நனைந்த தரை, மரத்துப்போன விரல்கள். குளிர் அமைப்பை மாற்றும்போது அவர்களுக்காக நான்கு வேலைகளைச் சேர்த்துவிடுங்கள். காற்று நேராகக் கழுத்தில் அடிக்காதபடி துணிக்குழாய் வழியாகக் குளிரைப் பரப்புதல். வெளிக்காற்று வரத் தனி வழி. எதிர் எதிர்த் திசையில் இரண்டு வெளிக்கதவுகள், ஏனென்றால் பகலில் கடற்காற்றும் இரவில் நிலக்காற்றும் திசை மாறி வீசும். நான்காவது, கூரையில் காற்றுக் காட்டித் துணி: கசிவு என்றால் காற்று வரும் பக்கமாக ஓட வேண்டும் என்பதை எல்லாரும் பார்த்துத் தெரிந்துகொள்ள.

வெளிக்கதவுகளை வெளியே பூட்டும் வழக்கம் எங்கே இருந்தாலும் அன்றே நிறுத்துங்கள். எச்சரிக்கைப் பலகை தமிழிலும், வடக்கிலிருந்து வந்த ஆட்கள் இருந்தால் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். அமோனியா மோப்பக் கருவியின் அலாரம் 25 பி.பி.எம்.-ல் ஒலிக்கும்படி வைத்து, மாதம் ஒருமுறை எல்லாரையும் வெளியே ஓடவைத்துப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன்

கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இவை கையில் இருக்க வேண்டும்:

1. கதவு மூடிய நாள் சோதனையின் புதிய அளவு, பழையதன் பக்கத்தில் வைத்து.

2. அழுத்தச் சோதனை, வாக்குவம், குழாய்க் கனம் ஆகியவற்றின் தேதியிட்ட பதிவு.

3. எத்தனை கிலோ அமோனியா நிரப்பப்பட்டது என்ற கணக்கு.

4. வால்வுகளில் எண் பதித்த தகடும், அதே எண்கள் உள்ள வரைபடமும் மிஷின் அறைச் சுவரில்.

5. பிற்பகல் வெயிலில், முழுச் சரக்கோடு, மூன்று நாள் தொடர்ந்து எடுத்த ஹெட் பிரஷர், அறை வெப்பநிலை, யூனிட் கணக்கு.

6. இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் தானே ஒருமுறை மொத்த அமைப்பையும் நிறுத்தி, தானே மறுபடி ஓட்டிக் காட்டியது. முதலாளி பக்கத்தில் நிற்கட்டும், கான்ட்ராக்டர் ஆள் வாய் திறக்கக் கூடாது.

ஆறில் ஒன்று குறைந்தாலும் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். ஜூன் 15 விடியற்காலையில் படகுகள் கிளம்பிவிட்டால், பிறகு மிஷினை நிறுத்திப் பார்க்க அடுத்த ஏப்ரல்வரை நேரம் கிடைக்காது.